அப்பாவுக்கு, தம்பி விஷயமாக

லிங்கன், நெப்ராஸ்கா
பிப்ரவரி 3

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

கணக்கு வாத்தியார் மகன் சிகாகோவிலிருந்து அனுப்பின பார்சல் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. பருப்புப் பொடி, கொள்ளுப் பொடி, அம்மா வறுத்துப் போட்ட நிலக்கடலை, எல்லாவற்றுக்கும் அடியில் அப்பாவின் கடிதம். "அம்மிணிக்கு" என்று ஆரம்பித்திருந்ததைப் படித்ததும் கொஞ்ச நேரம் பிரித்த பார்சல் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தீபாவளிக்கு அப்புறம் நான் ஒழுங்காகப் பேசவே இல்லை. ஃபோனில் "நல்லா இருக்கேன், சாப்பிட்டாச்சு, வைக்கட்டுமா" என்று மூணு நிமிஷத்தில் முடித்துக்கொண்டிருந்தது எனக்கே தெரியும். கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தக் கடிதத்தைச் சாவகாசமாகத்தான் எழுதுகிறேன். தம்பி வங்கிப் பரீட்சைக்குப் போகாமல் உடற்கல்வி படிக்கிறேன் என்று நிற்பதாக எழுதியிருந்தீர்களே, அதற்கும் பதில் இதில் இருக்கிறது.

முதலில் குளிர். போன வாரம் மைனஸ் 22 டிகிரி வரை போனது. மூச்சை இழுத்தால் மூக்குக்குள் இருக்கிற ஈரம் உறைந்து குத்தும். ஹீட்டரைக் குறைத்துத்தான் வைத்திருக்கிறேன், ரொம்பச் சூடு எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அம்மா கொடுத்த கம்பளியும் ரெண்டு ஸ்வெட்டரும் போதுமானதாக இருக்கிறது. சாப்பாட்டுக்குக் குறைவில்லை. காலையில் லேப்புக்குப் போகும் முன் சோறு வைத்துவிட்டால் ராத்திரி வரை அதுவே வரும். போன மாதம் பணம் அனுப்பாததற்கு வங்கியில் ஆன தாமதம்தான் காரணம், வேறொன்றும் இல்லை.

அம்மா கேட்டிருந்தாளே, பக்கத்தில் யாராவது பேச்சுத் துணைக்கு இருக்கிறார்களா என்று. இருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெரியவர். 74 வயது. நம் தோட்டத்துச் சித்தப்பாவைவிட ஒரு முழம் உயரம், கதவு நிலையை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. முட்டி ரெண்டும் போய்விட்டது, கம்பு ஊன்றித்தான் நடக்கிறார். மனைவி இறந்து நாலு வருஷம். டிசம்பரில் நான் அவர் வீட்டு வாசலில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தேன். (அடி ஒன்றும் இல்லை, இப்போது எல்லாம் சரியாகிவிட்டது.) கம்பை ஊன்றிக்கொண்டு மெதுவாக வெளியே வந்தவர் என்னைத் தூக்கிவிட்டுப் போகவில்லை, அங்கேயே நிற்க வைத்துப் பாடம் எடுத்தார். "காலை நீட்டி வைக்காதே. முதல் அடி ஆறு அங்குலம், அதற்கு மேல் வேண்டாம். முட்டியை மடக்கு. பாதம் முழுக்கத் தரையில் படட்டும். எடை நடுவில் இருக்கட்டும்." நான் ஆறு அங்குலம் ஆறு அங்குலமாக அவர் வாசலைத் தாண்டிக் காட்டினதும்தான் விட்டார். அதற்கு அப்புறம் இன்றுவரை நான் விழவில்லை.

அது பனிக்கான பாடமே இல்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் கல்லூரிப் பையன்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்த பாடம் அது. ஃபுட்பால் கோச். நம் கால்பந்து இல்லை அப்பா, இவர்களுடையது வேறே. முட்டை மாதிரி பந்து, ஹெல்மெட் போட்டு மோதுவார்கள். அதில் இவர் 'ஆஃபென்சிவ் லைன்' கோச். தம்பியைக் கூப்பிட்டு உட்கார வைத்து இதைப் படித்துக் காட்டுங்கள், அவனுக்குச் சட்டென்று புரியும்.

அணியில் பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்கும் வாங்கி ஓடுகிறவனும் இருக்கிறார்கள். படம் வருவது அவர்களுக்கு. அவர்களுக்கு முன்னால் ஐந்து பேர் தோளோடு தோள் வரிசையாகக் குனிந்து நிற்பார்கள். நடுவில் சென்டர், அவனுக்கு ரெண்டு பக்கமும் கார்டு, அவர்களுக்கு வெளியே டாக்கிள். ஒவ்வொருவனும் 130, 140 கிலோ. எதிராளிகளைத் தடுத்துப் பின்னால் இருக்கிறவனுக்கு வழி திறப்பதுதான் வேலை. சென்டர் காலிடுக்கு வழியாகப் பந்தைப் பின்னால் கொடுப்பதோடு சரி. மற்ற நாலு பேரும் ஆட்டம் முழுக்கப் பந்தைத் தொடாமலே போகலாம். முன்னால் எறிகிற பந்தைப் பிடிக்க அந்த வரிசைக்கு விதியே பொதுவாக இடம் தருவதில்லை. எதிராளியின் சட்டையை இறுக்கிப் பிடித்து இழுத்தாலும் குற்றம். கையை உள்பக்கமாக நெஞ்சில் வைத்துத் தள்ளவேண்டும், அவனைவிடத் தாழ்வாக இருக்கவேண்டும், ஐந்து பேரும் ஒரே நொடியில் ஒரே அடி எடுக்கவேண்டும். ஒருவன் அரை நொடி பிந்தினால் பின்னால் இருக்கிறவன் அடிபட்டு விழுவான். தாழ்வாக இருக்கப் பழக்குவதற்கென்றே இரும்புக் குழாயில் தணிவான பந்தல் மாதிரி ஒன்று கட்டி அதற்கடியில் ஓட விடுவார்களாம், நிமிர்ந்தால் தலை இடிக்கும். எதிராளியை மல்லாக்கச் சாய்த்துவிட்டால் அதற்குப் பேர் 'பேன்கேக்', கல்லில் ஊற்றின தோசை மாதிரி கிடப்பான் என்று. இந்த ஊர்க் கல்லூரியில் அதை எண்ணிக் கணக்கே வைத்தார்களாம்.

சடுகுடுவில் தம்பி கவரில் நின்று கார்னர்காரன் கையைக் கோத்துக்கொண்டு நகர்வானே, அதைப் பெரியவரிடம் வீடியோவில் காட்டினேன். போன கோயில் திருவிழா ஆட்டம்தான். ரைடரை அவர் பார்க்கவே இல்லை. தம்பியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு தடவை திருப்பிப் போடச் சொன்னார். "இந்தப் பையன் கால் தரையை விட்டு எழும்புவதே இல்லை, யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டார். எங்கள் அப்பா என்றேன்.

டிவியில் ஆட்டம் பார்க்கும்போதும் அப்படித்தான். எல்லாரும் கத்துகிற நேரத்தில் இவர் திருப்பிப் போட்டு லெஃப்ட் கார்டு எங்கே கால் வைத்தான் என்று பார்ப்பார். இந்த ஊர் ஸ்டேடியத்தில் 1962-லிருந்து ஒரு ஆட்டத்துக்குக்கூட டிக்கெட் மிச்சமானதில்லை. 80 ஆயிரம் பேருக்கு மேல் சிவப்புச் சட்டையில் உட்கார்ந்திருப்பார்கள், வெளியே ஊர் அடங்கிக் கிடக்கும். அத்தனை பேரும் பந்தைப் பார்ப்பார்கள். இவருடைய கண்ணுக்கு அந்த ஐந்து பேர் மட்டும்தான் தெரிவார்கள்.

அவருக்குக் குலதெய்வம் மாதிரி ஒருவர் உண்டு, மில்ட் டெனோபிர். பள்ளிகளில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்துவிட்டு 1974-ல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துக்கு லைன் கோச்சாக வந்தவர். அப்போது டாம் ஆஸ்போர்ன் தலைமைக் கோச். ஸ்காலர்ஷிப் இல்லாமல் சொந்தக் காசில் சேர்கிற பண்ணை வீட்டுப் பையன்களையும் எடுத்து, மூணு நாலு வருஷம் சாப்பாடு போட்டு எடை தூக்க வைத்துப் பொறுமையாகத் தேற்றுவார்கள். அந்த வரிசைக்கு 'பைப்லைன்' என்றே பேர். டேவ் ரிமிங்டன் என்கிற சென்டர் 1981, 1982 ரெண்டு வருஷமும் தொடர்ந்து நாட்டிலேயே சிறந்த உள்வரிசை ஆட்டக்காரருக்கான அவுட்லண்ட் விருதை வாங்கினார். இப்போது சிறந்த சென்டருக்குக் கொடுக்கிற விருதே அவர் பேரில்தான். 1994, 1995, 1997 என்று மூணு தடவை இந்த அணி தேசிய சாம்பியன். 1995-ல் பன்னிரண்டு ஆட்டமும் வெற்றி. கடைசி ஆட்டத்தில் ஃப்ளோரிடாவை 62-24 என்று அடித்தபோது ஓடி மட்டுமே 524 கெஜம் எடுத்தார்கள். குவார்ட்டர்பேக் டாமி ஃப்ரேசியர் 75 கெஜம் ஓடினதை இந்த ஊரில் குழந்தைகூடச் சொல்லும். பெரியவர் சொல்வது அந்த 524-ஐ.

டெனோபிர் 29 வருஷம் ஒரே இடத்தில் இருந்தார். 2002 சீசனோடு ஓய்வு. 2016-ல் காலமானார். "29 வருஷம், ஒரே ஊர், ஒரே கல்லூரி" என்று பெரியவர் விரல் விட்டு எண்ணுவார், எங்கள் தொழிலில் அது கோடியில் ஒருத்தருக்குத்தான் கிடைக்கும் என்பார். ஏனென்றால் பெரியவருக்கு அது கிடைக்கவில்லை. படிப்பு முடிந்ததும் சம்பளம் என்று சொல்லமுடியாத காசுக்கு உதவியாளாகச் சேர்ந்து, வீடியோ வெட்டி ஒட்டி, கோன் அடுக்கி, அப்புறம் சின்னக் கல்லூரி, அப்புறம் கொஞ்சம் பெரியது. பெரும்பாலும் ஒரு வருஷ ஒப்பந்தம்தான். தலைமைக் கோச்சை அனுப்பினால் கூட இருக்கிற எல்லாரும் மூட்டை கட்டவேண்டும், இவருடைய ஐந்து பேர் எவ்வளவு நன்றாக ஆடியிருந்தாலும் சரி. டெனோபிர் ஓய்வு பெற்ற மறுவருஷமே இங்கேயும் அது நடந்தது, ஒன்பது ஆட்டம் ஜெயித்த பிறகும் தலைமைக் கோச்சை அனுப்பினார்கள். பெரியவர் முப்பது சொச்சம் வருஷத்தில் பதினொரு ஊர் மாறியிருக்கிறார். பிள்ளைகள் ரெண்டு பேரும் ஒரு பள்ளிக்கூடத்தில் மூணு வருஷம் சேர்ந்தாற்போல் படித்ததில்லையாம்.

அவர் கராஜில் ஒரு சுவர் முழுக்க அட்டைப்பெட்டி. ஒவ்வொன்றிலும் மனைவியின் கையெழுத்தில் ஊர்ப் பேரும் வருஷமும். சிலது ஒட்டின டேப்பு ஒட்டினபடியே. அடுத்த ஊரில் பிரிக்கலாம், அடுத்த ஊரில் பிரிக்கலாம் என்று அப்படியே வந்துவிட்டதாம். பனி தள்ளும் மண்வெட்டி எடுக்க உள்ளே போன நான் அதைப் படித்துக்கொண்டே நின்றுவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் என் பெரிய பெட்டியும் கட்டிலடியில் பாதி பிரிக்காமல்தான் கிடக்கிறது. ஒன்றரை வருஷம் ஆச்சு.

ஞாயிற்றுக்கிழமை எனக்கும் சேர்த்து சமைப்பார். இங்கே சில்லி என்று ஒரு காரக் குழம்பு, அதற்குத் தொட்டுக்கொள்ள பட்டைப்பொடி போட்ட இனிப்பு பன். முதலில் எனக்கு விநோதமாக இருந்தது, இப்போது பழகிவிட்டது. எனக்காக மாட்டுக்கறி போடாமல் வெறும் பயறில் வைப்பார். நான் கொள்ளுப் பொடியும் நெய்யும் போட்டு சோறு பிசைந்து கொடுத்தேன், ரெண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஃபோன் அடித்துக்கொண்டே இருக்கும். எல்லாம் பழைய லைன் பையன்கள். பையன்கள் என்கிறேன், ஐம்பது வயசு ஆட்கள். ஒருத்தன் பொண்ணுக்குக் கல்யாணம், ஒருத்தனுக்கு இடுப்பு ஆபரேஷன். ஸ்கோரைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

பொங்கலன்று லேப்புக்குப் பின்னால் இருக்கிற ஆராய்ச்சி வயலுக்குப் போனேன். வேலை ஒன்றும் இல்லை, சும்மா. அறுத்த சோளத்தின் அடிக்கட்டை பனிக்கு மேலே ஒரு விரல்கடை நீட்டிக்கொண்டிருந்தது. ஓரத்தில் அறுக்காமல் விட்ட நாலு வரிசை. காத்து அடித்தபோது காய்ந்த தோகை உரசுகிற சத்தம், அப்பா, அப்படியே நம் மேக்காட்டுத் தட்டுப் போர் பக்கத்தில் நிற்கிற மாதிரி. கண்ணை மூடிக்கொண்டேன். செவலை மணி ஆட்டுவது, அம்மா "விளக்கு வைக்கிற நேரத்துல அங்க என்ன பண்ற" என்று கூப்பிடுவது எல்லாம் கேட்டது. கண்ணைத் திறந்தால் ஒரு ஆளில்லை, வெள்ளை வெளேரென்று. கன்னத்தில் வழிந்தது பாதியிலேயே உறைந்துவிட்டது. இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். உங்களிடம் எழுதாமல் வேறு யாரிடம் எழுதுவது.

சரி, தம்பி விஷயம். பி.எஸ்ஸி. முடித்ததும் பி.பி.எட். படிக்கிறேன் என்கிறான், வங்கிப் பரீட்சைக்குப் போகமாட்டேன் என்கிறான், "மண்ணுல உருண்டு என்ன மிச்சம்" என்று எழுதியிருக்கிறீர்கள். பெரியவர் பட்ட கஷ்டத்தை ஒளிக்காமல் எழுதினது, நீங்களும் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு முடிவு செய்யவேண்டும் என்பதற்காகத்தான். ஆனால் நம் ஊரில் வருஷா வருஷம் ஊர் மாறுகிற பிழைப்பு இல்லை அது. உடற்கல்வி ஆசிரியர் ஆகலாம், அரசுப் பள்ளி கிடைத்தால் ஓய்வு வரை பயமில்லை. சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியில் சேர ஆசைப்படுகிறான். 1920-ல் ஹாரி குரோ பக் என்கிற அமெரிக்கர் ஆரம்பித்த கல்லூரி அது. பெரியவரிடம் சொன்னேன், "எங்கள் ஆள் ஒருத்தர் நூறு வருஷம் முன்னால் உங்கள் ஊருக்கு வந்து இதைச் செய்தாரா" என்று சந்தோஷப்பட்டார்.

அப்பா, பரண் மேல் துணி சுற்றி வைத்திருக்கிறீர்களே கேடயம், அது யார் வாங்கினது? அவனுக்குக் கால் வைக்கச் சொல்லிக்கொடுத்தது யார்? களத்து மேட்டில் கயிறு கட்டி, அதற்கடியில் குனிந்து நகரச் சொல்வீர்களே, எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இரும்புப் பந்தல் கதையைக் கேட்டபோது எனக்கு அந்தக் கயிறுதான் கண்ணில் நின்றது. அவன் உங்களிடமிருந்துதான் இந்த ஆசையை எடுத்துக்கொண்டான். அவனைப் போக விடுங்கள்.

ஃபீஸ் நான் பார்த்துக்கொள்கிறேன். மார்ச் கடைசிக்குள் அனுப்புகிறேன், நிச்சயம். அதற்காக நகையை சொசைட்டியில் வைக்கவேண்டாம். வரப்பு விஷயமாக சித்தப்பாவோடு வாய் கொடுக்காதீர்கள், சர்வேயரை வைத்து அளந்துகொள்ளலாம். பெரியம்மா வீட்டுக் கல்யாணத்துக்கு அரைப்பவுன் போதும், ஒரு பவுன் என்று அம்மா ஒத்துக்கொண்டிருந்தால் இப்போதே சொல்லிவிடட்டும். அம்மா முட்டிக்கு எக்ஸ்ரே எடுத்தாயிற்றா? எடுத்திருந்தால் தம்பியை ஃபோனில் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு எண்ணெய் மட்டும் தேய்க்கிறாள் என்று எனக்குத் தகவல் வந்துவிட்டது.

செவலை கன்று போட்டால் ராத்திரி எந்நேரம் ஆனாலும் கூப்பிடுங்கள். கொள்ளுப் பொடி இன்னும் அரைக்கிலோ அரைத்து வையுங்கள், வாத்தியார் மகன் ஏப்ரலில் ஊருக்கு வருகிறானாம். அதில் பாதி பெரியவருக்கு.

அன்புடன்,
உங்கள் அம்மிணி