பாடம் செய்த விலங்குத் தலைகளுக்கான அறையில் நேர்ந்த சேதம் குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
உள்அலங்கார நிறுவனம்,
கோயம்புத்தூர்.

மதிப்பிற்குரிய ஐயா,

என் தாத்தா விட்டுச் சென்ற பாடம் செய்த விலங்குத் தலைகளை வைப்பதற்கென, எங்கள் வீட்டு மாடியில் 16 அடிக்கு 14 அடி அளவுள்ள அறையை வடிவமைத்துத் தரும் பணியைக் கடந்த ஜனவரியில் தங்கள் நிறுவனத்திடம் ஒப்படைத்து, 4,60,000 ரூபாயை மூன்று தவணைகளில் முழுமையாகச் செலுத்தினேன். மார்ச் மாதம் அறை முடிந்தது. இப்போது ஆகஸ்ட், கடமான் தலையின் இடது காது வெடித்துவிட்டது, காட்டெருமைத் தலை சுவரை விட்டு முன்னோக்கிச் சாய்ந்து நிற்கிறது. தொலைபேசியில் நான்கு முறை தெரிவித்தும் பார்வையிட யாரும் வராததால் இதை எழுத்தில் தருகிறேன்.

அவை எப்படிப்பட்ட பொருட்கள் என்பதை முதல் சந்திப்பிலேயே விளக்கியிருந்தேன். உரிமம் பெற்று வேட்டையாடுவது சட்டத்துக்கு உட்பட்டிருந்த 1950களில், வால்பாறைப் பக்கம் தோட்டத்தில் வேலை பார்த்த தாத்தா கொண்டுவந்தவை அவை. பாடம் செய்தது மைசூர் வான் இங்கன் நிறுவனம். காகிதக் கூழில் உருவம் வார்த்து, அதன்மேல் தோலைப் போர்த்தித் தைக்கும் அவர்களுடைய கைத்திறனுக்கு ஈடாக இன்று எவரையும் என்னால் காட்ட முடியாது. அந்த நிறுவனம் 1999இல் மூடப்பட்டுவிட்டது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்த பின் தாத்தா முறையாக உரிமைச் சான்றிதழ் பெற்றார். அப்பா காலமானபோது, சட்டம் சொல்லும் 90 நாட்களுக்குள் நானும் வனத்துறைக்குத் தெரிவித்துவிட்டேன். அந்தத் தாள்களின் நகலைத் தங்கள் கோப்பில் காணலாம்.

மேற்குச் சன்னலுக்கு எதிரே எதையும் மாட்ட வேண்டாம் என்று வரைபடத்திலேயே சிவப்பு மையில் குறித்துக் கொடுத்தேன். தோல், ரோமம் போன்றவற்றுக்கு 50 லக்ஸ் (ஒளிச்செறிவை அளக்கும் அலகு) ஒளியையே அருங்காட்சியகங்கள் பொதுவாக வரம்பாகக் கொள்கின்றன என்பதையும் சொல்லியிருந்தேன். ஆனால் அறைக்குள் நுழைந்ததும் கண்ணில் பட வேண்டும் என்று தங்கள் வடிவமைப்பாளர் கடமானை அந்தச் சுவரிலேயே மாட்டி, இரண்டு அடி தள்ளி ஏசி இயந்திரத்தையும், தலைக்கு நேர் மேலே சூடு கக்கும் ஹாலஜன் விளக்கையும் பொருத்திவிட்டார். மாலை நான்கு மணிக்கு வெயில் நேராக முகத்தில் விழுகிறது. இரவில் குளிர்ந்த உலர்காற்று அதே முகத்தில் அடிக்கிறது. ஈரப்பதம் இப்படி ஏறி இறங்கும்போது தோலும் உள்ளிருக்கும் காகிதக் கூழும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. தோல் மெலிந்திருக்கும் காது, உதடு, கண்ணோரம் ஆகிய இடங்களில்தான் முதலில் விரிசல் விடும். காதின் அடியிலிருந்து நுனிவரை ஒரு விரல் நீளத்துக்குப் பிளந்து, உள்ளே சாம்பல் நிறக் கூழ் தெரிகிறது. அதைப் பார்த்த அம்மா அன்று முழுவதும் யாரோடும் பேசவில்லை.

காட்டெருமைத் தலையின் எடை 31 கிலோ. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் ஆங்கர் போல்ட் போட்டு மாட்டுவதாக ஒப்பந்தத்தில் எழுதிவிட்டு, அழகுக்காக முன்னால் எழுப்பிய ஜிப்சம் பலகையில் பிளாஸ்டிக் பிளக்கும் திருகும் வைத்து மாட்டியிருக்கிறார்கள். மேல் திருகு அரை அங்குலம் வெளியே வந்துவிட்டது. அதற்குக் கீழேதான் என் மகள் உட்கார்ந்து படிப்பாள் என்பதால் அறையைப் பூட்டி வைத்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பூச்சி அரிக்காமலிருக்க ஆர்செனிக் தடவுவது அக்காலத்துப் பாடம் செய்வோரின் வழக்கம் என்பதால், தலைகளை வெறுங்கையால் தொடக்கூடாது, தூசி தட்டக்கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்தேன். தங்கள் பணியாளர் இருவர் கையுறையோ முகக்கவசமோ இன்றி உலர்ந்த தூரிகையால் தட்டிக்கொண்டிருந்ததை நானே பார்த்து நிறுத்தினேன். அந்த இளைஞர்களுக்கு யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை. இதில் எனக்கு நேர்ந்த நட்டத்தைவிட அவர்களுடைய உடல்நலமே பெரிது. இருவரையும் மருத்துவரிடம் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வலப்பக்கச் சுவர் வெறுமையாக இருப்பதால் எங்கிருந்தாவது ஒரு சிறுத்தைத் தலை வாங்கித் தரலாம் என்று தங்கள் விற்பனைப் பிரதிநிதி கூறியதை நான் மிகவும் வன்மையாகக் கண்டிக்கிறேன். சான்றிதழ் உள்ளவரே விற்க முடியாத பொருள் அது, வாங்குவதும் குற்றம். இன்று காட்டில் ஒரு விலங்கைச் சுடுவதை நானும் என் குடும்பத்தாரும் எந்த நிலையிலும் ஏற்க மாட்டோம். முன்பே இறந்துபோன இந்த விலங்குகளைக் கெடாமல் காக்க வேண்டும் என்பதற்காகவே இந்த அறையைக் கட்டினோம்.

ஆகவே, இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் ஜிப்சம் பலகையை அகற்றிச் செங்கல் சுவரில் தாங்கிகள் அமைத்தும், ஏசி இயந்திரத்தையும் விளக்குகளையும் இடம் மாற்றியும், கடமான் தலையை வடக்குச் சுவருக்குக் கொண்டுசென்றும் தர வேண்டும். வெடித்த காதைத் தங்கள் ஆட்கள் பசை கொண்டு ஒட்ட முயலக்கூடாது. பாடம் செய்யும் தொழிலுக்குச் சட்டப்படி உரிமம் தேவை. வனத்துறையிடம் கேட்டு, தகுதியுள்ளவரைக் கொண்டு நானே சீரமைத்துக்கொள்கிறேன்; அதற்கான செலவையும், வடிவமைப்புக் கட்டணமாகப் பெற்ற 60,000 ரூபாயையும் தாங்கள் திருப்பித் தர வேண்டும். தவறினால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன். ஒப்பந்த நகல், சிவப்பு மைக் குறிப்புகளுள்ள வரைபடம், ஒன்பது புகைப்படங்கள் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.