அயல்நாட்டுப் பயிற்சி: திரும்பி வந்தவரை உட்காரவைத்துக் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இருபத்தெட்டு ஆண்டுகள் பொது மருத்துவம் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். மருத்துவ மாணவர்கள் வெளிநாட்டு மருத்துவமனைகளுக்குப் போய்ச் சில வாரங்கள் பயிற்சி பெற்று வருவதைப் பற்றி யார் பேசினாலும், அங்கே என்னென்ன கருவிகளைப் பார்த்தார்கள், எத்தனை அறுவை சிகிச்சைகளில் உடன் நின்றார்கள், சான்றிதழ் வந்துவிட்டதா என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. அந்த வாரங்கள் மாணவரை உள்ளுக்குள் என்ன செய்தன என்று கேட்பவர் அரிது. என்னையும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் இன்னும் சீக்கிரமே நல்ல மருத்துவராகியிருப்பேன் என்று நம்புகிறேன்.

இறுதியாண்டில் எட்டு வாரங்கள் வேறொரு நாட்டின் சிறிய மருத்துவமனையில் இருந்தேன். பின்னால் நான் சொல்லப்போவது அங்கே உழைத்தவர்கள்மீது குற்றப்பத்திரிகையாகிவிடக் கூடாது என்பதால் நாட்டின் பெயரைத் தவிர்க்கிறேன்.

முதல் வாரத்தில் ஓர் இரவு, மூச்சுத் திணறலோடு ஒரு முதியவரைக் கொண்டுவந்தார்கள். எக்ஸ்ரே எடுப்பவர் காலையில்தான் வருவார். பணியில் இருந்த வயதான மருத்துவர் நோயாளியை முன்னால் சாய்த்து உட்காரவைத்தார். தம் இடக்கை நடுவிரலை அவர் முதுகில் அழுத்தி வைத்து, வலக்கை நடுவிரலால் அதன்மேல் தட்டிக்கொண்டே மேலிருந்து கீழே வந்தார். ஓரிடத்தில் ஒலி கட்டையாக மாறியது. பேனாவால் அங்கே ஒரு கோடு போட்டார். “நீர் இதுவரை நிற்கிறது. நீயும் தட்டிப் பார்” என்றார். தட்டினேன். என் விரலுக்கே அது தெரிந்தது. மறுநாள் எக்ஸ்ரேயில் நுரையீரலைச் சுற்றி நின்ற நீரின் மட்டம் அந்தக் கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே இருந்தது.

இதை நான் படித்திருந்தேன், தேர்வில் செய்துகாட்டி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். ஆனால் நம்பியதில்லை. என் கல்லூரியில் விரலுக்கு வேலை வருமுன் எக்ஸ்ரே படம் வந்துவிடும். வியன்னாவில் ஆவென்புருக்கர் என்ற மருத்துவர் இந்தத் தட்டிப் பார்க்கும் முறையை 1761இல் எழுதி வெளியிட்டபோது பெரும்பாலானோர் பொருட்படுத்தவில்லை. 1808இல் பாரிஸ் மருத்துவர் கோர்விசார் அதைப் பிரெஞ்சில் பெயர்த்த பிறகுதான் அது பரவியது. பாரிஸுக்குப் படிக்க வந்த பிறநாட்டு மாணவர்கள் அதைத் தங்கள் விரல்களில் ஏந்திக்கொண்டு ஊர் திரும்பினார்கள். நானும் அதை அப்படித்தான், பிறர் நாட்டில், ஒருவர் முதுகில் கற்றேன்.

மொழி கற்றுத்தந்தது இதைவிடப் பெரிது. அந்த நாட்டு மொழியில் எனக்கு வணக்கமும் நன்றியும் மட்டுமே தெரியும். ஒரு செவிலியர் மொழிபெயர்த்து உதவுவார். இருமலோடு வந்த ஒரு பெண்ணிடம், எத்தனை நாளாக என்று கேட்டேன். அவர் நெடுநேரம் பேசினார். நடுவில் கையால் தம் தோளைத் தொட்டுக் காட்டினார். சேலையின் முடிச்சை இறுக்குவதுபோல் இடுப்பருகே விரல்களைச் சுருக்கினார். செவிலியர் என் பக்கம் திரும்பி, “மூன்று நாள்” என்றார். நானும் கேஸ் ஷீட்டில் மூன்று நாள் என்றே எழுதினேன்.

மாலையில் அந்த வயதான மருத்துவர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அதே பெண்ணருகே அமர்ந்தார். இரவில் தூங்கவிடாத இருமல்தான் மூன்று நாளாக. இருமல் தொடங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது. மாலைக் காய்ச்சல் இருந்தது. உடுப்பு தளர்ந்து, மடித்துத் தைத்துப் போடும் அளவுக்கு உடல் இளைத்திருந்தது. சளியைச் சோதித்ததில் காசநோய்க் கிருமிகள் இருந்தன. அவர் எல்லாவற்றையும் என்னிடம் சொல்லியிருந்தார், கைகளாலும் காட்டியிருந்தார். நான் கேட்டது ஒரு எண்ணை மட்டும்.

திரும்பி வந்து என் சொந்த மொழி பேசும் நோயாளிகளிடம் நின்றபோது ஒன்று உறைத்தது. அந்தச் செவிலியர் செய்ததை இங்கே நானே செய்துகொண்டிருந்தேன். அவர்கள் கதை சொல்ல, நான் அதை நடுவிலேயே வெட்டி, நாள் கணக்காகச் சுருக்கி எழுதிக்கொண்டிருந்தேன். சொந்த வார்டில் மொழி புரிகிறது என்ற தைரியம் இருந்ததால் அந்தப் பிழை கண்ணில் படவே இல்லை. வெளிநாட்டுப் பயிற்சியின் முழுப் பயன் எனக்கு இதுதான்.

ஆனால் அதே எட்டு வாரங்களில் நான் செய்த ஒரு காரியத்தை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக யாரிடமும் சொன்னதில்லை. ஆறாம் வாரம், மூளைக்காய்ச்சல் என்று சந்தேகித்த ஒரு சிறுவனுக்கு முதுகுத்தண்டில் ஊசி செலுத்தி நீர் எடுக்க வேண்டியிருந்தது. இளம் மருத்துவர் ஒருவர் ஊசியை என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். நான் அதை அதுவரை இருமுறை பார்த்திருந்தேன், செய்ததில்லை. என் கல்லூரியில் ஆசிரியர் பக்கத்தில் நிற்காமல் அந்த ஊசியை நான் தொட முடியாது. அங்கே மறுக்கத் தோன்றவில்லை. வாய்ப்பு என்றுதான் நினைத்தேன். சிறுவனின் முழங்கால்களை அவன் தாய் மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தார். அவர் என்னை டாக்டர் என்று அழைத்தார். நான் மாணவி என்று சொல்லவில்லை. மூன்று முறை குத்தினேன். நீர் வரவில்லை. அந்த மருத்துவர் வந்து ஒரே முறையில் எடுத்தார்.

சிறுவன் பிழைத்தான். அதனால் அந்த மூன்று குத்தல்களும் சரியாகிவிடாது. இதைவிட என்னை உறுத்துவது அதன் பிறகு நடந்தது: திரும்பி வந்து கொடுத்த அறிக்கையில், ‘செய்த சிகிச்சை முறைகள்’ என்ற கட்டத்தில் அதையும் எழுதினேன். கல்லூரி அதற்காகப் பாராட்டியது. சில நோயாளிகளின் உடல் பழகிப் பார்ப்பதற்கானது என்ற எண்ணத்தை ஒரு மாணவிக்கு இதைவிடத் தெளிவாக யாராலும் கற்பித்திருக்க முடியாது.

அயல்நாட்டு மாணவர்மீது பழி விழுந்த கதை ஒன்றும் மருத்துவ வரலாற்றில் உண்டு. வியன்னா பொது மருத்துவமனையில், மருத்துவ மாணவர்கள் பயின்ற பிரசவப் பிரிவில் தாய்மார்கள் காய்ச்சலில் இறந்துகொண்டிருந்தார்கள். 1846இல் அங்கே நூற்றுக்குப் பதினொருவர் இறந்தனர். மருத்துவச்சிகள் பயின்ற பக்கத்துப் பிரிவில் மூவருக்கும் குறைவு. விசாரித்த குழு, மாணவர்கள், குறிப்பாக வெளிநாட்டினர், முரட்டுத்தனமாகப் பரிசோதிப்பதே காரணம் என்றது. மாணவர் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்து, வெளிநாட்டினரை ஏறக்குறைய முழுவதுமாக விலக்கினார்கள். இறப்பு சில மாதங்கள் குறைந்து, 1847 ஏப்ரலில் மறுபடி பதினெட்டு சதவீதமாக ஏறியது. பிண அறையிலிருந்து நேரே பிரசவ அறைக்கு வந்த கைகள்தாம் காரணம் என்று அந்தப் பிரிவிலேயே பணியாற்றிய மருத்துவர் செம்மல்வைஸ் கண்டார். அவை உள்நாட்டாரின் கைகளாகவும் இருந்தன, அவருடைய கைகளாகவும் இருந்தன. மே மாதம் முதல் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார். 1848இல் இறப்பு நூற்றுக்கு ஒன்றை ஒட்டி இறங்கியது. அந்தச் செய்தியை லண்டனுக்குக் கொண்டுபோனவர், வியன்னாவில் பயின்று திரும்பிய ஓர் இளம் ஆங்கில மருத்துவர்.

வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் அந்தக் குழுவின்மீது கோபப்படுவார்கள். எனக்குச் செம்மல்வைஸ் தம் கைகளைப் பார்த்திருப்பாரே, அந்தக் கணம்தான் நினைவுக்கு வரும். தம் கையால் எத்தனை பேர் இறந்தார்கள் என்பது கடவுளுக்குத்தான் தெரியும் என்ற பொருளில் அவரே பின்னர் எழுதினார்.

மாணவர்களை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அனுப்புங்கள். வசதி மிகுந்த இடத்திலிருந்து வசதி குறைந்த இடத்துக்கும், அங்கிருந்து இங்கும், இரண்டு திசையிலும் போகட்டும். கருவிகள் நிறைந்த மருத்துவமனைக்குப் போய்வந்த என் மாணவர் ஒருவர், அங்கே ஒவ்வொரு பரிசோதனைக்கும் முன் நோயாளியிடம் அனுமதி கேட்டதைப் பார்த்துவிட்டு வந்து, எங்கள் வார்டில் திரைச்சீலை கேட்டுச் சண்டை போட்டார். திரைச்சீலை வந்தது.

நான் கேட்பது இவைதாம். போகுமுன், அந்த ஊர் மொழியில் ‘நான் மாணவர், மருத்துவர் அல்ல’ என்று சொல்லவாவது கற்றுக்கொடுங்கள். சொந்தக் கல்லூரியில் தனியாகச் செய்ய அனுமதியில்லாத எதையும் அங்கேயும் செய்யக் கூடாது என்று எழுத்தில் கொடுங்கள். கூச்சப்படும் மாணவருக்கு மறுக்க அந்தக் காகிதம் துணையாக இருக்கும். வரவேற்கும் மருத்துவமனைக்கு நேரமும் உழைப்பும் செலவாகிறது என்பதையும் கணக்கில் எடுங்கள். அந்த வயதான மருத்துவர் எனக்காகச் செலவிட்ட இரவுகள் அவருடைய நோயாளிகளிடமிருந்து எடுத்தவை. உலகளாவிய மருத்துவப் பயிற்சிக்கான நெறிமுறைகள் 2010இலேயே வெளியாகிவிட்டன; இவற்றில் பலவும் அவற்றில் இருக்கின்றன.

திரும்பி வந்தவரை ஆசிரியர் ஒருவர் ஒரு மணி நேரம் உட்காரவைத்துக் கேட்கட்டும். கருவிகளைப் பற்றி அல்ல. யாரிடம் தவறாகக் கேட்டாய், எங்கே கை நடுங்கியது, எதைச் செய்யாமல் மறுத்தாய் என்று கேட்கட்டும். அறிக்கைப் படிவத்தில் ‘செய்தவை’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ‘மறுத்தவை’ என்று ஒரு கட்டம் வேண்டும். அடுத்த பயிற்சிக்கான தேர்வு தொடங்குமுன் கல்லூரிகள் இதைப் பரிசீலிக்க, இக்கடிதத்தை வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொது மருத்துவப் பேராசிரியை ஒருவர்