அன்பு மகளுக்கு, களக்காட்டிலிருந்து

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு, அப்பா எழுதுவது. ஸ்தோத்திரம். நாங்கள் இருவரும் சுகம். உன் சுகத்துக்கு எழுது.

வாட்ஸப்பில் நாலு வரி தட்டினால் ஆச்சு, எதற்குத் தாளும் பேனாவும் என்று அம்மா கேட்கிறாள். தட்டினால் நீ உடனே பதில் போட்டுவிடுவாய். அதற்குத்தான் கடிதம்.

கிணற்று மோட்டார் மறுபடியும் காயில் போய்விட்டது. ராஜாத்தி பெரியம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து, இப்போது எல்லார் வீட்டுச் சுவரிலும் அழுக்குத் தெரிகிறதாம். கோயிலில் அசன விருந்து நல்லபடியாக நடந்தது. உன் பேரில் ஒரு மூட்டை அரிசி கொடுத்தேன். பேர் வாசிக்கும்போது 'பெல்ஃபாஸ்டில் நர்சாக இருக்கும்' என்று சேர்த்து வாசித்தார்கள். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பெருமையாகத்தான் இருந்தது. பந்தியில் உட்கார்ந்தபோது சோறு இறங்கவில்லை.

நீ போக நினைக்கிற ஜார்க்கண்டில் காட்டுப் பக்கமெல்லாம் மலேரியா உண்டாம். மூளைக்கு ஏறுகிற வகையும் இருக்கிறதாம். நர்சுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் கொசு விஷயத்தில் அலட்சியம் வேண்டாம்.

மாடிக்கு வாங்கிய லோனில் இன்னும் 14 தவணை இருக்கிறது. உன்னை மனதில் வைத்து இதை எழுதவில்லை. சரி, கொஞ்சம் வைத்துத்தான் எழுதுகிறேன். வள்ளியூர்க்காரர்களும் போன வாரம் மறுபடி கேட்டார்கள். பையன் உன்னைவிட ஒரு வயது மூத்தவன். 'யோசித்துச் சொல்கிறோம்' என்றேன். எதை யோசிக்கிறோம் என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நீ இப்போது செய்வதும் ஊழியம்தானே பாப்பா? சொந்தபந்தம் இல்லாமல் வார்டில் கிடக்கிற ஒரு கிழவரின் கையைப் பிடித்துக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்ததாகச் சொன்னாயே, அதைவிட என்ன வேண்டும்? பவுல் கூடாரம் தைத்துக்கொண்டேதானே பிரசங்கம் பண்ணினார்? ஆவிக்குரிய வளர்ச்சிக்கு ஊரை மாற்ற வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? இதையெல்லாம் பலமுறை பிரசங்கத்தில் சொன்னவன் நான். உண்மையும்தான். ஆனால் இப்போது உன்னிடம் பயத்தில் சொல்கிறேன். கேட்கிற உனக்கு அது தெரியாமல் போகாது.

ஏமி கார்மைக்கேல் அம்மாள் பிறந்த ஊர் என்று நீ அனுப்பிய மில்லைல் கடற்கரைப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, பாமாலை அடுக்கிய அலமாரிக்கு மேலே மாட்டியிருக்கிறேன். சாம்பல் கடல், சாம்பல் வானம். நீலக் கண் கேட்டு ஜெபித்த பிள்ளை இந்தத் தண்ணீரைப் பார்த்துத்தான் வளர்ந்ததா என்று அம்மா கேட்டாள். நம் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் அவர் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த டோனாவூர். அந்த அம்மாள் பிறந்த ஊருக்கு நம் வீட்டுப் பிள்ளை போய் நிற்கிறது. படத்தைக் காட்டாத ஆள் இந்தத் தெருவில் இல்லை.

அதற்குப் பிறகுதான் வேறொன்று மனதில் உட்கார்ந்துகொண்டது. ஏமி கார்மைக்கேல் அம்மாள் 1895-ல் இந்தியாவுக்கு வந்தவர், திரும்பி ஊருக்கே போகவில்லை. 1931-ல் இதே களக்காட்டில் பள்ளத்தில் விழுந்து, அதன்பின் இருபது வருஷம் பெரும்பாலும் படுக்கையில் கிடந்து, 1951-ல் போய்ச் சேர்ந்தார். ஓய்வுநாள் பள்ளியில் இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! கல்லறைக்கல் இல்லாமல் பறவைகள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் 'அம்மா' என்று மட்டும் எழுதியிருக்கும் இடத்துக்கு உங்கள் வகுப்பையே கூட்டிப்போனேன். நீ தொட்டியில் கையை விட்டு என்னிடம் அடி வாங்கினாய். அந்த அம்மாளைப் பெற்றவளைப் பற்றி மட்டும் ஒருநாளும் நினைத்ததில்லை. 1892 ஜனவரியில் மகளிடமிருந்து, போகிறேன் என்று கடிதம் வருகிறது. கணவன் இறந்து ஆறேழு வருஷம். ஏழு பிள்ளைகளில் இவள் மூத்தவள். சம்மதம் என்று அந்தத் தாய் பதில் எழுதிவிட்டாள்.

மூன்று வாரத்துக்கு முன் நீ கூப்பிட்டு, 'அப்பா, வேலையை விடலாம்னு இருக்கேன், அந்த மிஷன் ஆஸ்பத்திரியில...' என்று ஆரம்பித்தாய். சரியாகக் கேட்கவில்லை, லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. நீ மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. அம்மாவுக்கே போன வாரம்தான் சொன்னேன். 1980-ல் பாளையங்கோட்டையில் ஒரு கூட்டம். ஊழியத்துக்குத் தங்களை ஒப்புக்கொடுப்பவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார்கள். நின்றேன். கார்டில் பேர் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். 22 வயது. வடக்கே போவதாகத்தான் இருந்தேன். மறுவருஷம் வாத்தியார் வேலைக்கு ஆர்டர் வந்தது. கூட்டம் நடத்தியவர்கள் இரண்டு தடவை கடிதம் போட்டார்கள். பதில் போடவில்லை. அதற்குப் பதிலாக மாதாமாதம் மிஷனெரிகளுக்கு மணியார்டர் அனுப்பினேன், ரிட்டயர் ஆகும்வரை ஒரு மாதம் விடாமல். 'போகிறவர்கள் மாதிரியே அனுப்புகிறவர்களும் தேவை' என்று எல்லாருக்கும் சொன்னேன். வேதத்தை 22 தடவை முழுசாக வாசித்திருக்கிறேன். லெந்து நாட்களில் காலைச் சாப்பாடு தொட்டதில்லை. சேகரக் கமிட்டியில் மூன்று தடவை ஜெயித்தேன். இதையெல்லாம் வளர்ச்சி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கார்டுக்கு வட்டி கட்டிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

உனக்கு ஒன்பது வயதில் 'இதோ, அடியேன் இருக்கிறேன்; என்னை அனுப்பும்' என்கிற ஏசாயா 6:8 வசனத்தை மனப்பாடம் பண்ணவைத்தது நான்தான். பரிசாக டிபன் பாக்ஸ் வாங்கினாய். நான் போகாத இடத்துக்குப் பிள்ளையை அனுப்பப் பார்த்தேனா, தெரியவில்லை. இப்போது பிள்ளை கிளம்பும்போது வாசலில் நிற்கிறேன்.

பணத்தைப் பற்றிக் கவலைப்படாதே. பென்ஷன் இருக்கிறது, தவணையை நான் பார்த்துக்கொள்கிறேன். வள்ளியூருக்கு என்ன சொல்ல என்று மட்டும் நீயே சொல்லு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பன்னிரண்டு மணிக்கு மேல் கூப்பிடு. மற்ற நாளானாலும் எடுப்பேன்.

இப்படிக்கு
அப்பா

பி.கு.: அம்மா திருநெல்வேலிக்குப் போகிறாள். கொசுவலை ஒற்றைக் கட்டிலுக்கு வாங்கவா, இரட்டைக் கட்டிலுக்கு வாங்கவா என்று கேட்கச் சொன்னாள்.