தரங்கம்பாடியிலிருந்து

அன்புள்ள மாப்ளே,

முட்டிக்கு ஆபரேஷன் தேவையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டதாக எழுதியிருந்தாயே, அதைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நான் மறுபடியும் தரங்கம்பாடிக்கு வந்திருக்கிறேன். ஒரு வருஷத்தில் இது மூன்றாவது தடவை.

முதலில் வந்தது சித்திரையில். மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பூவரச நிழலில் ஒரு பெரியவர், வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்தபடி கிழிசலை முடிந்துகொண்டிருந்தார். என்னோடு பேசிக்கொண்டேதான் இருந்தார், ஒரு கண்ணிகூடத் தப்பவில்லை. வெயில் தாங்காமல் புதிய எருசலேம் ஆலயத்துக்குள் போய் உட்கார்ந்தேன். 1718-இல் கட்டியது. ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். 1706-இல் வந்து இறங்கியவர், சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார். ஒன்பதே வருஷத்தில் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகிவிட்டது!

அப்புறம் ஐப்பசி. அதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். மாசிலாமணிநாதர் கோயில் பாண்டியன் குலசேகரன் காலத்தது, 1306. முன்பக்கத்தைக் கடல் எப்போதோ கொண்டுபோய்விட்டது. அன்றைக்கு வாடைக்காற்றில் ஒவ்வொரு அலையும் தடுப்புப் பாறைகளில் மோதி ஆள் உயரத்துக்கு எழும்பியது. என் உதட்டில் மழை கரித்தது. டீக்கடை அக்கா 2004 சுனாமியைப் பார்த்தவர். மழைக்காலம் வந்தால் ராத்திரியெல்லாம் கடல் சத்தம் மாறுகிறதா என்று கேட்டுக்கொண்டே படுத்திருப்பாராம். இத்தனை வருஷம் கழித்தும்! அதற்குப் பிறகு எனக்கும் அன்றிரவு தூக்கம் வரவில்லை.

இப்போது மாசி. கடல் குளம் மாதிரி கிடக்கிறது. டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டிய கோட்டை முன்னால் வேன் வேனாக ஆட்கள் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு மதியத்துக்குள் கிளம்பிவிடுகிறார்கள். 1845-இல் இந்த ஊரையும் வங்காளத்து சேராம்பூரையும் சேர்த்து ஆங்கிலேயரிடம் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு விற்றுவிட்டுப் போனார்கள். அழகான மாதம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் இந்தக் கடலை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு, அந்த அக்கா எதற்காக விழித்திருக்கிறார் என்று தெரியாது.

வரும் ஐப்பசிக்கு நீயும் வா. மயிலாடுதுறை வரை ரயில், அங்கே நான் வந்து நிற்கிறேன். குடை வேண்டாம், அந்தக் காற்றுக்கு நிற்காது. முட்டிக்கு உறை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொள்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன் மாப்ளே