திரும்பும் நாளிலும் மேலதிக பஸ்கள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

விடுமுறையை முன்னிட்டுக் கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு மேலதிக பஸ்கள் விடப்படும் என்று தங்கள் பத்திரிகையில் வெளியான செய்தி வரவேற்கத்தக்கது. ஆனால் உண்மையான நெருக்கடி திரும்பும் வழியில்தான். ஊருக்கு வருவோர் இரண்டு மூன்று நாட்களாகப் பிரிந்து வருகிறார்கள். மறுநாள் வேலையும் பாடசாலையும் இருப்பதால் திரும்புவோர் அனைவரும் ஞாயிறு மாலையிலேயே கிளம்புகிறார்கள்.

அன்று திருகோணமலை பஸ் நிலையத்திலேயே ஆசனங்கள் நிரம்பிவிடும். தம்பலகாமம் சந்தியிலும் கந்தளாயிலும் கைக்குழந்தையோடு காத்து நிற்போர், ஏற இடம் கிடைத்தாலும் ஹபரணை, தம்புள்ளை தாண்டியும் நின்றபடியே போக நேர்கிறது. வரும்போது இருந்ததைவிடப் பொதிகளும் கூடிவிடும்: கருவாட்டுப் பொட்டலம், வறுத்த அரிசிமா, தயிர்ச்சட்டி. வளைவுகளில் சரிந்துவிடும் என்பதால் தயிர்ச்சட்டியை மேல்தட்டில் வைக்க முடியாது. ஆகவே அவையெல்லாம் நடைவழிக்கு வந்துவிட, நிற்பவர்களுக்குக் கால் ஊன்றவும் இடமிருப்பதில்லை. முதியவர்கள் 200 கிலோமீற்றருக்கு மேல் இப்படிப் போவது பெரும் கொடுமை. எனவே மேலதிக பஸ்களில் ஒரு பகுதியை விடுமுறையின் கடைசி இரு நாட்களுக்கு ஒதுக்கி, அவற்றில் சிலவற்றையேனும் கந்தளாயிலிருந்து வெற்று ஆசனங்களுடன் புறப்படச் செய்ய வேண்டும். புறப்படும் நேரங்களைச் சில நாட்களுக்கு முன்பே அங்குள்ள பஸ் நிலையத்தில் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டிவைத்தால், மக்கள் திருகோணமலைக்குப் பின்னோக்கி வந்து ஏற வேண்டிய அவசியமும் இராது.

வாசகர்,
திருகோணமலை.