ஆய்வேடு முடிந்தது, நன்றி சொல்ல வேண்டும்

ஊர்ப் பெரியவர்களுக்கும் சொந்தங்களுக்கும் வணக்கம்.

போன வாரம் என் வாய்மொழித் தேர்வு முடிந்தது. சர்க்கரை நோயால் பழுதான விழித்திரைக்கு லேசர் வைக்கும்போது அந்தச் சூட்டில் எவ்வளவு திசு வெந்துபோகும் என்று கணக்குப் போட்டுச் சொல்வதுதான் என் ஆய்வு. என் பெயரில் பட்டம் வந்தாலும் இதில் பலருடைய உழைப்பு இருக்கிறது.

முதலில் அப்பாயி. இன்று அவர் இல்லை. வீட்டில் நெல் அவிக்கும்போது என்னை அண்டா பக்கத்தில் உட்கார வைத்து, "தீ கொழுந்துவிட்டு எரிஞ்சா சட்டுனு இறக்கணும், தணிஞ்சிருந்தா காத்திருக்கணும், நெல்லு வாய் பிளக்குதான்னு பாத்துக்கிட்டே இரு" என்பார். எத்தனை டிகிரி சூடு என்பது மட்டும் போதாது, எவ்வளவு நேரம் என்பதும் தெரிய வேண்டும். என் ஆய்வேட்டின் மையம் இதுதான். வேதிவினைகளின் வேகத்துக்காக அர்ரீனியஸ் 1889-இல் எழுதிய சமன்பாட்டை, 1947-இல் ஹென்ரிக்ஸும் மோரிட்ஸும் தீக்காயத்துக்குப் பொருத்தினார்கள். பன்றித் தோலில் பார்த்தபோது 44 டிகிரிச் சூடு தோலைக் கெடுக்கச் சுமார் 6 மணி நேரம் பிடித்தது. அதற்கு மேல் 51 டிகிரி வரை, ஒரு டிகிரி ஏற ஏற அந்த நேரம் ஏறக்குறையப் பாதியானது. நொடிக்கு நொடி சேரும் சேதத்தைக் கூட்டிக்கொண்டே வந்து, கூட்டுத்தொகை 1-ஐத் தொட்டால் திசு மீளாது என்று வைத்துக்கொள்கிறோம். பேராசிரியர் இதை முதன்முதலாகக் கரும்பலகையில் எழுதியபோது எனக்கு அப்பாயி முகம்தான் நினைவுக்கு வந்தது.

என் நெறியாளர் அம்மாவுக்கு நன்றி. ரத்த ஓட்டம் சூட்டைக் கொண்டுபோவதை நான்கு மாதம் கணக்கில் சேர்க்கப் போராடினேன். உடல் திசுவில் சூடு பரவுவதற்குப் பென்னஸ் 1948-இல் தந்த சமன்பாட்டில் ரத்த ஓட்டத்துக்கென்று ஒரு தனிப் பகுதி உண்டு. அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "லேசர் விழுவது 20 மில்லி நொடி. அதற்குள் ரத்தம் எவ்வளவு சூட்டைக் கொண்டுபோய்விடும்? அந்தப் பகுதியை எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பாரம்மா" என்றார். விடை அசையவே இல்லை.

தஞ்சாவூரில் எங்களை உட்கார வைத்து லேசர் சிகிச்சையைக் காட்டிய கண் மருத்துவருக்கு இந்த ஒரு பத்தி போதாது. ஒளியை உறிஞ்சிச் சூடாவது விழித்திரைக்கு அடியிலுள்ள நிறமிப் படலம். அந்த நிறமி எல்லாருக்கும் ஒரே அளவு என்று நான் எழுதி வைத்திருந்தேன். "ஒரே கண்ணிலேயே இடத்துக்கு இடம் மாறும். அதனால்தான் லேசர் பட்ட புள்ளி வெளுப்பதைப் பார்த்து லேசரின் அளவைக் குறைப்போம், கூட்டுவோம்" என்றார் அவர். அந்த மாலை என் இரண்டாம் அதிகாரத்தைக் கிழித்து மறுபடி எழுதினேன். இப்போது எனக்குப் பிடித்த அதிகாரம் அதுதான்.

அப்புறம் பெரியப்பா. இரண்டு கண்ணுக்கும் லேசர் வைத்துக்கொண்டவர். முதல் தடவை உள்ளே ஊசி குத்தியதுபோல் சுருக்கென்றதாம், அடுத்த தடவை அவ்வளவு இல்லையாம். அன்றிரவே கணக்குப் போட்டேன். லேசர் 100 மில்லி நொடி விழுந்தால் அதற்குள் சூடு சுமார் கால் மில்லிமீட்டர் பரவும். 20 மில்லி நொடியில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். நேரம் குறைந்தால் அடியிலுள்ள நரம்பு வரை சூடு போவதும் குறையும். பெரியப்பாவுக்கு இரண்டாம் முறை எத்தனை மில்லி நொடி வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வித்தியாசத்தைத் தேட வைத்தது அவருடைய பேச்சுதான்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்து நாள் கணக்கில் கரண்ட் இல்லாதபோது, தன் ஜெனரேட்டரில் என் லேப்டாப்பைத் தினமும் சார்ஜ் போட விட்ட ரைஸ் மில் அண்ணனுக்கும் நன்றி. காசு வாங்கவே இல்லை. அவர் வீட்டு ஓடே பறந்திருந்தது.

ஆய்வேட்டின் ஒரு நகலைப் பெரியப்பா வீட்டில் கொடுத்திருக்கிறேன். "என் கண்ணு இதுல எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார். 83-ஆம் பக்கத்து வரைபடத்தைப் பிரித்துக் காட்டினேன். விரலை வைத்துத் தடவிப் பார்த்தார்.

நன்றியுடன்,
உங்கள் வீட்டுப் பெண்,
நீடாமங்கலம்