ஈரம் காயும் முன்னே வந்தவர்களுக்கு

கடலூரில் எங்கள் மாலை வகுப்புப் பிள்ளைகளுக்குக் கை கொடுத்த எல்லோருக்கும் அன்பு வணக்கம்.

இந்த மடலைப் பொங்கலுக்கே எழுதியிருக்க வேண்டும். தேர்வு முடிவு வரட்டும், நல்ல செய்தியோடு எழுதலாம் என்று காத்திருந்தேன். 2025 மே 16 அன்று வந்துவிட்டது. பத்தாம் வகுப்பு எழுதிய நம் பிள்ளைகள் ஏழு பேரும் தேறிவிட்டார்கள். அதில் மூன்று பேர், அவரவர் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, தப்பித்தோம் என்றுதான் நினைத்தோம். அதற்கப்புறம் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கியது. நாணமேடு, உச்சிமேடு, குண்டு உப்பலவாடிப் பக்கம் இருப்பவர்களுக்கு அந்த நாள்களைச் சொல்லத் தேவையில்லை. ஆற்றோரம் நம் பிள்ளைகள் இருக்கும் இருளர் பழங்குடிக் குடியிருப்பில் தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தோம். புத்தகப் பைகள் சேற்றுக்குள் கிடந்தன.

பாடநூல் பள்ளியில் மறுபடி கிடைத்துவிடும். ஜூன் மாதத்திலிருந்து கையால் எழுதிய நோட்டுக்கு எங்கே போவது? பொதுத்தேர்வோ மார்ச் 28 அன்று தொடங்குகிறது. அதை நினைத்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

அப்போது வந்தவர்கள் எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார்கள். தாள்களுக்கு நடுவே பழைய செய்தித்தாளை வைத்து, ஆலயக் கூடத்தில் மின்விசிறிக்கடியில் பரப்பி, மூன்று நாள் காய வைத்தார்கள். காய்ந்ததில் பாதி எழுத்து அழிந்துபோயிருந்தது. மீதியைக் கல்லூரிப் பிள்ளைகள் நான்கு பேர், வகுப்புத் தோழர்களின் நோட்டை வாங்கி, இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்து கையால் எழுதிக் கொடுத்தார்கள். படம் வரையும் இடத்தில் படம்கூட வரைந்திருந்தார்கள். திருப்பாப்புலியூர் ஜெராக்ஸ் கடை அண்ணன் தாளுக்கு மட்டும்தான் காசு வாங்கினார். லோடு ஆட்டோ தம்பி பாயும் அரிசியும் கொண்டுபோன எட்டு நடைக்கும் டீசல் செலவுகூடக் கேட்கவில்லை.

பணம் இரண்டு பக்கத்திலிருந்து வந்தது. ஒன்று எங்கள் அறுப்பின் பண்டிகை ஏலம். ஒரு பூசணிக்காயை ஏலம் எடுத்தவர், மறுபடியும் ஏலம் விடுங்கள் என்று திருப்பித் தந்தார். அடுத்தவரும் அப்படியே. நான்கு முறை விற்ற காய் அது. இன்னொன்று, இங்கிலாந்தில் ஒரு சிறிய ஆங்கிலிக்கன் சபை திருச்சபை வழியாக அனுப்பியது. அங்கே பிள்ளைகள் வீட்டில் கேக் செய்து விற்றுச் சேர்த்தார்களாம்.

கடலூருக்கு இந்த உறவு புதியது இல்லை. கிறிஸ்தவ நூல்களையும் கல்வியையும் பரப்ப லண்டனில் 1698இல் தொடங்கிய எஸ்.பி.சி.கே. சங்கத்தின் உதவியில் 1737இல் இங்கே மிஷன் ஆரம்பித்தது. 1740இல் வந்த கியர்நாண்டர் என்ற மிஷனரி பள்ளிக்கூடம் நடத்தினார். 1758இல் பிரெஞ்சுப் படை ஊரைப் பிடித்ததும் அவர் கல்கத்தா போய்விட்டார். பிறகு 1820களில் எஸ்.பி.ஜி. என்ற இன்னொரு ஆங்கிலிக்கன் மிஷனரி சங்கம் தென்னாட்டு மிஷன்களைப் பொறுப்பேற்றது. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கன் சபைகளும் அதில் சேர்ந்தன. முகம் தெரியாத பிள்ளைக்காக எங்கோ ஒருவர் காசு எடுத்து வைப்பது அன்றிலிருந்தே நடக்கிறது. கேக் விற்ற அந்தப் பிள்ளைகளுக்கு எங்கள் பிள்ளைகள் தனியாகக் கடிதம் எழுதியிருக்கிறார்கள், தமிழிலேயே.

போர்டிங் என்று நாங்கள் சொல்லும் மாணவியர் விடுதியின் வார்டன் அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வது? பொங்கல் முடிந்ததும் எங்கள் இருளர் குடும்பங்கள் பல, முன்பணம் வாங்கிய செங்கல் சூளைக்குப் போய்விடும். பிள்ளைகளும் கூடவே போவார்கள், படிப்பு அங்கேயே நின்றுவிடும். இந்த வருடம் பத்தாவது படித்த இரண்டு பெண்களை, போர்டிங்கில் இடம் இல்லாதபோதும், தம் அறையிலேயே பாய் போட்டுச் சேர்த்துக்கொண்டார். நீங்கள் எந்தச் சாமி கும்பிடுகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. தேர்வு நாளில் காலையில் ஆளுக்கு ஒரு முட்டை.

அந்த இருவரில் ஒருத்திக்குப் பழங்குடிச் சாதிச் சான்று இல்லை. கோட்டாட்சியர் கையெழுத்து வேண்டிய சான்று அது. ஒரு அலுவலகத்தில் மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். அவள் அப்பாவுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போனது. எங்கள் சபை மூப்பர் ஒருவர், வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், நான்காவது முறை கூடவே போய் மாலை வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஐயா, சான்று கையில் கிடைத்ததும் அந்த மனிதர் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றாரே, அதுதான் எங்கள் எல்லோருடைய நன்றியும்.

அவள் இப்போது பிளஸ் ஒன். மாலையில் வந்து மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லித் தருகிறாள்.

வரவு செலவுக் கணக்கை ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். மிச்சம் 2,340 ரூபாய். நோட்டுகளை வைக்கத் தரையிலிருந்து உயரமாக ஒரு பலகை அடிக்கப் போகிறோம். ஐந்திலிருந்து ஏழு மணி வரை வகுப்பு நடக்கும். ஒரு நாள் வந்து பிள்ளைகளைப் பாருங்கள், ஒன்றும் வாங்கி வர வேண்டாம்.

அன்புடன்,
மாலை வகுப்பு டீச்சர்